காட்டுவதும் மறைப்பதும்

நுழையும்முன்

காட்டிற்குள் முதன்முறையாகச் செல்லும் ஒருவர் மரங்களையும் புதர்களையும் மட்டுமே காண்பார். அதே இடத்தில் நிற்கும் இயற்கை வழிகாட்டி, அன்று காலை அவ்வழியே யார் வந்து சென்றனர் என்பதை அறிவார். இந்தியாவின் மலைகளிலும் பனிவெளிகளிலும் இத்தகைய வழிகாட்டிகள் இன்று பலர் உள்ளனர். அவர்களுடன் நான்கு இடங்களுக்குச் சென்று, அவர்தம் பணியில் அடங்கியுள்ள அறிவையும் அப்பணியில் எழும் ஒரு சிக்கலையும் இப்பாடத்தில் அறிவோம்.

தடம் அறிதல்

வழிகாட்டி என்னும் சொல்லைக் கேட்டவுடன், கோட்டை வாயிலில் நின்று அரசர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் வரிசையாகக் கூறுபவரே நம் நினைவுக்கு வருகிறார். அவருடைய பணி அரியதே. ஆயினும் அவருக்கு ஒரு வசதி உண்டு. நேற்று இருந்த இடத்திலேயே கோட்டை இன்றும் இருக்கும். புலி அவ்வாறு இருப்பதில்லை. இயற்கை வழிகாட்டி நாள்தோறும் புதிதாகத் தேடியே காட்ட வேண்டும். தேடியும் கிடைக்காத நாளில், வந்தவர்களுக்கு வேறொன்றைக் காட்ட வேண்டும்.

அவருக்கு முதல் நூல் மண்ணே. ஈரமண்ணில் பதிந்த ஒரு தடத்தில் விரல்களின் நுனியில் நகக்குறி தெரிந்தால், அது நாய் இனத்தைச் சேர்ந்த விலங்கினுடையதாக இருக்கக்கூடும். புலியும் சிறுத்தையும் நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதால் அவற்றின் தடத்தில் பெரும்பாலும் நகக்குறி காணப்படுவதில்லை. யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து அளந்து, அவ்வளவை இரு மடங்காக்கினால், அந்த யானையின் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். அளவுகோலும் கருவியும் இல்லாமல், ஒரு கயிற்றைக் கொண்டே யானையைக் காணாமல் அதன் உருவத்தைச் சொல்லிவிடும் இக்கணக்கு எத்துணை எளியது என்று எண்ணிப் பாருங்கள்.

மண்ணுக்கு அடுத்தது ஒலி. மரத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் மந்தி, கீழே நகரும் புலியை முதலில் கண்டு குரல் எழுப்பும். புதரருகே மேயும் கடமான் அதன் வாடையை அறிந்து எச்சரிக்கும். மந்தி சிலநேரங்களில் வீணாகவும் அஞ்சும். கடமான் எளிதில் குரல் கொடுப்பதில்லை. ஆகவே கடமானின் குரல் விட்டுவிட்டுத் தொடர்ந்து கேட்டால், அனுபவம் மிக்க வழிகாட்டி உடனே நின்றுவிடுவார். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதையும் அவர் இடையறாது கவனிப்பார். யானைக்குப் பார்வையைவிட மோப்பம் கூர்மையானது. நம் வாடை அதனிடம் செல்லாதவாறு காற்றுக்கு எதிர்முகமாக நடப்பது அழகுக்காகச் செய்யப்படும் செயலன்று. உயிர் காப்பதற்காகச் செய்யப்படுவது.

பெரியாற்றங்கரையில்

இவ்வறிவை ஒருவர் எங்கே கற்கிறார்? பள்ளியில் என்று கூற இயலாது. கேரளத்தின் இடுக்கி, பத்தனம்திட்டை மாவட்டங்களில் பரந்துள்ள பெரியாறு புலிகள் காப்பகம் இதற்குத் தரும் விடை வியப்பானது.

1895ஆம் ஆண்டு முல்லைப்பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது, பள்ளத்தாக்கில் இருந்த காடு நீரில் மூழ்கியது. தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் வயல்களுக்கு இன்றும் அந்நீரே செல்கிறது. மூழ்கிய மரங்களின் பட்டுப்போன அடிமரங்கள் நூறாண்டு கடந்தும் ஏரிக்குள் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றின் மீது நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகுகளை விரித்து உலர்த்துவதைப் படகில் செல்வோர் காணலாம். ஏரியைச் சூழ்ந்த காடு 1978இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் இன்றைய பரப்பு 925 சதுர கிலோமீட்டர்.

இக்காட்டில் ‘வயணா’ என்று அழைக்கப்படும் காட்டு இலவங்க மரம் வளர்கிறது. அதன் பட்டைக்குச் சந்தையில் விலை உண்டு. காப்பகத்தின் ஓரத்தில் வாழ்ந்த சிலர் அரிசியும் உப்பும் சுமந்து காட்டினுள் சென்று, நாள்கணக்கில் மறைந்து தங்கி, பட்டையை உரித்து வந்து வணிகர்களிடம் விற்றனர். பட்டையைத்தானே உரிக்கிறார்கள், மரத்தை வெட்டவில்லையே என்று தோன்றக்கூடும். இலையில் உருவாகும் உணவு பட்டையின் உட்பகுதி வழியாகவே வேருக்குச் செல்கிறது. மரத்தைச் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் வேர் உணவின்றி வாடும். மரம் நின்றவாறே மடியும். அம்மரத்தை நம்பிய பறவையும் பூச்சியும் இடம் இழக்கும்.

பட்டையால் செல்வம் ஈட்டியவர் வணிகரே. உரித்தவருக்குக் கிடைத்தது சிறு கூலியும், வழக்கும், எந்நேரமும் பிடிபடலாம் என்ற அச்சமுமே. 1996இல் இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் பெரியாற்றிலும் தொடங்கப்பட்டபோது, வனத்துறையினர் இவர்களுடன் பேச முன்வந்தனர். பட்டை உரிப்பதைக் கைவிட இவர்கள் இசைந்தனர். காட்டைக் காவல் காப்பதும் பயணிகளை அழைத்துச் செல்வதும் இவர்களுடைய புதிய தொழிலாயின. அவர்களுக்கெனத் தனிக் குழு ஒன்றும் அமைந்தது. ‘பெரியாறு புலித்தடம்’ என்னும் நடைப்பயணம் இவ்வாறே உருப்பெற்றது.

இப்பயணத்தின் அமைப்பை உற்று நோக்குவது நன்று. பயணிகள் மிகச் சிலரே அனுமதிக்கப்படுவர். ஏறத்தாழ அவர்களுக்கு நிகரான எண்ணிக்கையில் வழிகாட்டிகள் உடன் செல்வர்; படைக்கலம் ஏந்திய வனக்காவலரும் வருவார். காட்டினுள் கூடாரமிட்டு ஓரிரு இரவுகள் தங்குவர். இத்துணைப் பேர் எதற்கு என்று கேட்கலாம். நடைபயணமே சுற்றுக்காவலாகவும் அமைகிறது என்பதே விடை. கள்ளத்தனமாகக் காட்டில் நுழைவோர் எவ்வழியாக வருவர், எந்த ஓடையருகே அடுப்பு மூட்டுவர், எப்பாறையின் பின்னே பதுங்குவர் என்பதை இவ்வழிகாட்டிகளைவிட நன்கறிந்தவர் வேறு யார்? முன்பு தாங்களே பதுங்கிய இடங்கள் அல்லவா அவை!

கெட்டவர் நல்லவரான கதையாக இதனைக் கூறிவிடுவது எளிது. அவ்வாறு கூறுவது முழு உண்மையாகாது. தடம் அறியும் திறனும், காட்டில் நாள்கணக்கில் வாழும் ஆற்றலும் முன்பும் அவர்களிடம் இருந்தன, பின்பும் இருந்தன. முன்பு அவ்வறிவுக்கு மதிப்பளித்தவர் பட்டை வணிகர் ஒருவரே. பிறகு வேறு சிலரும் மதிப்பளித்தனர். வறுமையில் வாழும் ஒருவரின் அறிவு எப்பக்கம் செல்லும் என்பது, அதற்கு யார் ஊதியம் தருகிறார் என்பதையும் பொறுத்தது.

மன்னான், பளியர் முதலிய பழங்குடி மக்களும் இக்காப்பகத்தில் வழிகாட்டிகளாகவும் மூங்கில் தெப்பம் செலுத்துவோராகவும் பணியாற்றுகின்றனர். அவர்கள் காட்டை அயலாகக் கண்டவர்கள் அல்லர். ‘வசந்த சேனை’ என்ற பெயரில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஊதியம் பெறாமல் காட்டின் ஓரத்தில் முறைவைத்துச் சுற்றுக்காவல் செய்துவருவதும் இங்கே குறிப்பிடத்தக்கது. விறகும் நீரும் காட்டிலிருந்து பெறும் குடும்பங்களில், காடு அழிந்தால் முதலில் துன்புறுவோர் பெண்களே.

பனிவெளியில் காத்திருத்தல்

தென்கோடியின் மழைக்காட்டிலிருந்து வடகோடியின் பனிமலைக்குச் செல்வோம். லடாக்கின் தலைநகரான லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே மரங்கள் அரியவை, காற்றும் மெலிந்தது. வந்திறங்கிய பயணியை வழிகாட்டி உடனே மலைக்கு அழைத்துச் செல்லமாட்டார். ஓரிரு நாள்கள் ஓய்வெடுக்கச் சொல்வார். வெப்பநிலத்திலிருந்து வருவோர்க்கு இந்த ஓய்வு வீண்காலமாகத் தோன்றும். உயரத்திற்கு உடல் பழகாமல் ஏறினால் தலைவலியில் தொடங்கி உயிருக்கே இடர் நேரலாம் என்பதை வழிகாட்டி அறிவார்.

1981இல் அமைக்கப்பட்ட ஹெமிஸ் தேசியப் பூங்காவிற்குள் ரும்பக் என்னும் சிற்றூர் உள்ளது. பனிச்சிறுத்தையைக் காண விரும்புவோர் கடுங்குளிர்காலத்தில் இப்பகுதிக்கு வருகின்றனர். குளிர் மிகும்போது காட்டாடுகள் பள்ளத்தாக்கிற்கு இறங்கும். அவற்றைத் தொடர்ந்து பனிச்சிறுத்தையும் இறங்கும் என்பதே காரணம். 2024இல் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் உள்ளன. அவற்றுள் 477 லடாக்கில் வாழ்கின்றன.

இங்கே வழிகாட்டியின் பணி நடப்பதைவிட நிற்பதே. விடியுமுன் ஒரு முகட்டில் தொலைநோக்கியை நிறுவி, எதிர்மலையின் பாறைகளை ஒவ்வொன்றாக நோக்கத் தொடங்குவார். சாம்பல் நிறப் பாறையில் சாம்பல் நிற விலங்கு அசையாமல் படுத்திருக்கும். அதன் நீண்ட வால் பாறைக்குப் பாறை தாவும்போது உடலைச் சமன் செய்யும். உறங்கும்போது முகத்தைப் போர்த்தும். சில நாள்களில் அது தென்படும்; பல நாள்களில் தென்படாது.

ரும்பக் போன்ற சிற்றூர்களில் பனிச்சிறுத்தை முன்பு வெறுக்கப்பட்ட விலங்கு. கூரையில்லாத ஆட்டுப்பட்டியினுள் அது ஓர் இரவு குதித்துவிட்டால், அஞ்சி ஓட இடமின்றிச் சிதறும் ஆடுகளில் ஒன்றோடு நில்லாமல் பலவற்றைக் கொன்றுவிடும். ஓர் ஆண்டின் உழைப்பு ஓர் இரவில் அழிந்த குடும்பத்திடம் சென்று, அவ்விலங்கு அரியது, அதனைக் கொல்லாதீர் என்று கூறினால் அவர்கள் எவ்வாறு ஏற்பர்? பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரை அமைக்கப்பட்டது. அத்துடன், வரும் பயணிகளை ஊரார் தம் இல்லங்களிலேயே தங்கவைத்து உணவளிக்கும் முறையும் வளர்ந்தது. அவ்வருவாயின் பெரும்பகுதி இல்லத்தை நடத்தும் பெண்களிடம் சேர்கிறது. வெறுக்கப்பட்ட விலங்கைக் காண்பதற்கென்றே விருந்தினர் வரத் தொடங்கியபின், பட்டியருகே அது வந்தால் கல்லெடுப்பதற்கு முன் ஊரார் சற்றே எண்ணிப் பார்க்கும் நிலை வந்துள்ளது.

பறவைகள் தங்கும் ஏரி

வடகிழக்கில் நாகாலாந்து மாநிலத்தின் வோக்கா மாவட்டத்தில் பாங்தி என்னும் ஊர் உள்ளது. லோத்தா நாகர்கள் வாழும் ஊர் இது. அருகே டோயாங் ஆற்றில் நீர்மின் திட்டத்திற்காக அமைந்த நீர்த்தேக்கம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமூர் வல்லூறுகள் இலட்சக்கணக்கில் இங்கு வந்து தங்குகின்றன. சைபீரியாவின் கிழக்குப் பகுதியிலும் வடசீனத்திலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இப்பறவைகள் குளிர்காலத்தைத் தென்னாப்பிரிக்கப் பகுதியில் கழிப்பவை. ஒரு பறவையின் எடை ஏறத்தாழ 150 கிராம். அரபிக்கடலை ஓய்வின்றிக் கடப்பதற்கு வேண்டிய வலுவை, மண்ணிலிருந்து கிளம்பும் ஈசல்களை உண்டே அவை இங்கு சேர்த்துக்கொள்கின்றன.

2012ஆம் ஆண்டு அக்டோபரில், இப்பறவைகள் வலைகளில் சிக்கவைக்கப்பட்டு இறைச்சிக்காகப் பெருந்தொகையாகக் கொல்லப்படும் செய்தி வெளிவந்தது. ஒரு பருவத்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டிருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது. மீன்பிடிக்கும் வலைகளே மரங்களுக்கிடையே கட்டப்பட்டன. செய்தியைக் கேட்டோர் திடுக்கிட்டனர். பாங்தி மக்களோ நீர்த்தேக்கத்தில் தம் விளைநிலங்களை இழந்தவர்கள் என்பதையும், பறவைகள் எங்கிருந்து வந்து எங்கே செல்கின்றன என்பதை அவர்களுக்கு அதுவரை எவரும் எடுத்துரைத்ததில்லை என்பதையும் அறிந்தோர் சிலரே.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. ஊர்மன்றத்தார் வலை கட்டுவதைத் தடை செய்தனர். திருச்சபையினரும் ஆர்வலர்களும் வனத்துறையினரும் ஊர் ஊராகச் சென்று பேசினர். 2013ஆம் ஆண்டுப் பருவத்தில் பாங்தியில் ஒரு பறவைகூட வலையில் வீழவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மூன்று பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் வழி தடமறியும் சிறு கருவிகள் பொருத்தப்பட்டன. அவற்றுக்கு நாகா, வோக்கா, பாங்தி என்று பெயர் சூட்டினர். தம் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு சிறுபறவை கடல் கடந்து ஆப்பிரிக்கா சேர்ந்த செய்தியை ஊரார் எத்துணை ஆவலுடன் கேட்டிருப்பர்!

வலை கட்டியவர்களுள் சிலர் இன்று மாலைவேளையில் பயணிகளை மேட்டுக்கு அழைத்துச் சென்று, வானத்தை மறைத்துப் பறவைகள் கூடும் காட்சியைக் காட்டுகின்றனர். ஆயினும் பறவைகள் அங்குத் தங்குவது சில வாரங்களே. ஆண்டின் எஞ்சிய நாள்களுக்கு வழிகாட்டிப் பணி வருவாய் தருவதில்லை. பயணிகளுக்கு அறை தரக்கூடிய இல்லம் உடையவர்க்குப் பயன் மிகுதி; வலையை மட்டுமே உடைமையாகக் கொண்டிருந்தவர்க்குப் பயன் குறைவு. இக்குறையைச் சொல்லாமல் பாங்தியின் வெற்றியை மட்டும் புகழ்வது முறையாகாது.

ஒரு பறவையும் ஒரு கேள்வியும்

இறுதியாக அருணாசலப் பிரதேசத்தின் மேற்குக் காமெங் மாவட்டத்தில் உள்ள ஈகிள்நெஸ்ட் வனவிலங்குப் புகலிடத்திற்குச் செல்வோம். அதன் பரப்பு 218 சதுர கிலோமீட்டரே. ஆயினும் தாழ்ந்த அடிவாரத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் வரை அது எழுவதால், மலையின் ஒவ்வொரு படியிலும் வெவ்வேறு பறவைகள் வாழ்கின்றன. ஒரே பாதையில் இரண்டு மூன்று நாள்கள் இறங்கி நடப்பவர், வெம்மை நிலத்தின் பறவைகளையும் குளிர்நிலத்தின் பறவைகளையும் ஒருங்கே காணலாம்.

வானியல் அறிஞரான ரமணா அத்ரேயா 1995இல் இப்பகுதியில் தமக்குப் பெயர் தெரியாத ஒரு சிறுபறவையைக் கண்டார். தலையில் கருந்தொப்பி, கண்ணருகே பொன்மஞ்சள் திட்டு, சிறகில் மஞ்சளும் சிவப்பும் வெண்மையும் கலந்த குறிகள். எந்நூலிலும் அது இல்லை. பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் கண்டு, 2006இல் அதனைப் புதிய இனமாக உலகிற்கு அறிவித்தார். புதிய இனம் ஒன்றை அறிவிப்போர் அதன் உடல் ஒன்றை அருங்காட்சியகத்தில் வைப்பது நெடுநாள் வழக்கம். அன்று அறியப்பட்ட பறவைகள் மிகச் சிலவே என்பதால், அவர் ஒன்றையும் கொல்லவில்லை. பிடித்து அளந்து, வலையில் உதிர்ந்த இறகுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பறவையைப் பறக்கவிட்டார். அங்கு வாழும் புகுன் மக்களின் பெயரே அப்பறவைக்கு வைக்கப்பட்டது: புகுன் லியோசிக்லா.

அறிவிப்பு வெளிவந்ததும் பல நாடுகளிலிருந்து பறவை ஆர்வலர்கள் வரத் தொடங்கினர். புகுன் இளைஞர்கள் சிலர் வழிகாட்டிகளாயினர். சிலர் காவற்பணி மேற்கொண்டனர். 2017இல் சிங்சுங் ஊரின் புகுன் மக்கள் தம் காட்டில் 17 சதுர கிலோமீட்டரை ஊர்ச்சமூகக் காப்பிடமாக ஒதுக்கினர். மரம் வெட்டி விற்கவோ வேறு பணிக்கு மாற்றவோ இயன்ற நிலம் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பயணிகளைப் பல மாநிலங்களுக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டி ஒருவர் இங்கு வருகிறார் என்று கொள்வோம். தம் காட்டில் அவர் ஆசிரியர், இங்கோ மாணவர். பெரியாற்றில் கற்ற தடமறிவு இம்மூங்கில் புதரில் பெரிதும் பயன்படாது. எந்த ஓடையோரம் அப்பறவை உணவு தேடும், மூடுபனி எப்போது விலகும், மண்சரிவுக்குப்பின் எப்பாதை நடக்கத் தக்கது என்பனவற்றை உள்ளூர் வழிகாட்டியே அறிவார். அவரை முன்னே நடக்கவிட்டுத் தாம் பின்னே நடப்பவரே சிறந்த பயண வழிகாட்டி. உள்ளூராரைக் கூலிச் சுமையாளராக மட்டும் வைத்துக்கொண்டு, காட்டுவதும் பேசுவதும் தாமே என்று இருப்போரும் உளர்; அவர்கள் புதிய இடங்களைக் காண்பதில்லை, பழைய அறிவையே புதிய இடத்தில் மீண்டும் கூறிவருகின்றனர்.

இருவருக்கும் பொதுவாக ஒரு சிக்கல் உண்டு. நெடுந்தொலைவு பயணம் செய்து, பெரும்பொருள் செலவிட்டு வந்த ஒருவர், பறவையைக் காணாமல் திரும்ப விரும்பமாட்டார். அப்பறவையின் குரலைப் பதிவுசெய்து வைத்திருப்போர் அதனை ஒலிக்கவிட்டால், பறவை புதரிலிருந்து வெளிவரக்கூடும். ஏன் வெளிவருகிறது? தன் எல்லைக்குள் வேறோர் ஆண்பறவை நுழைந்துவிட்டது என்று எண்ணி, அதனை விரட்டவே வருகிறது. இல்லாத பகைவனைத் தேடி அது அலையும் நேரத்தில் இரை தேடவும் கூட்டைக் காக்கவும் இயலாது. ஒரு நாளில் ஒரு முறை நேர்ந்தால் அதனைப் பறவை தாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு குழுவும் இவ்வாறே செய்தால்? பல்லாயிரம் பறவைகள் உள்ள இனத்திற்கு இது சிறு தொல்லை. விரல்விட்டு எண்ணத்தக்க இணைகளே உள்ள இனத்திற்கு அவ்வாறு கூற இயலாது.

இருவாச்சிப் பறவையின் கூட்டிற்கும் இதுவே பொருந்தும். பெண்பறவை மரப்பொந்தினுள் தன்னை அடைத்துக்கொண்டு, சிறு பிளவு ஒன்றை மட்டும் விட்டுவைத்து அடைகாக்கிறது. ஆண்பறவை கொண்டுவரும் உணவை நம்பியே அதுவும் குஞ்சும் உள்ளே இருக்கின்றன. மரத்தடியில் மனிதர் கூடி நின்றால் ஆண்பறவை அருகே வரத் தயங்கும், உள்ளிருப்பவை பசித்திருக்கும். படத்தில் அழகாகப் பதியும் காட்சிதான் அது. அப்படத்துடன் கூடு இருக்கும் இடத்தையும் கைப்பேசி வழியே ஒருவர் வெளியிட்டுவிட்டால், மறுவாரம் மேலும் பலர் வந்து நிற்பர்.

அவ்வாறெனில் எவருக்கும் எதனையும் காட்டாமல் இருந்துவிடலாமா? சிங்சுங் மக்கள் தம் காட்டை ஒதுக்கியதற்கு அப்பறவையைக் காண வருவோர் தரும் வருவாயும் ஒரு காரணம். வருவோர் நின்றுவிட்டால் மரம் வெட்டுவோரின் குரல் ஊரில் மீண்டும் ஓங்கக்கூடும். காட்டினால் தொல்லை, காட்டாவிட்டாலும் தொல்லை. இச்சிக்கலுக்கு எல்லா இடத்திற்கும் ஒத்த ஒரே தீர்வு இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர், எத்தனை அடி தொலைவில், எத்தனை நிமிடம் என்பதை அந்தந்த இடத்தில், அந்தந்தப் பருவத்தில் வழிகாட்டியே முடிவு செய்கிறார். அம்முடிவைப் பயணி விரும்பாமலும் போகலாம். வழிகாட்டிக்குக் கிடைக்கும் அன்பளிப்பு குறையவும் கூடும்.

கூடு கட்டும் பருவத்தில் ஒரு காலை. ஓடையோரப் புதரில் குரல் கேட்கிறது, பறவை தென்படவில்லை. பயணி ஒருவர் தம் கைப்பேசியில் உள்ள பதிவை ஒலிக்கவிடலாமா என்று மெல்லக் கேட்கிறார். வழிகாட்டி தலையசைத்து மறுத்து, கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் பத்து நிமிடம் காத்திருப்போம், வராவிட்டால் அடுத்த வளைவில் உள்ள பூத்த மரத்திற்குச் செல்வோம், அங்கே தேன்சிட்டுகள் வரும் என்கிறார். குழு அசையாமல் நிற்கிறது. புதரினுள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சொற்பொருள்

தடம் – கால் பதிந்த குறி, வழி
முகடு – மலையின் உச்சி விளிம்பு
ஆட்டுப்பட்டி – ஆடுகளை அடைக்கும் இடம்
இசைந்தனர் – உடன்பட்டனர்
இடர் – துன்பம்
வாடை – மணம், நாற்றம்

பயிற்சி

1. புலியின் தடத்தையும் நாயின் தடத்தையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?

2. பட்டை உரிக்கப்பட்ட வயணா மரம் நின்றவாறே மடிவது ஏன்?

3. பெரியாறு நடைப்பயணத்தில் பயணிகளுக்கு ஏறத்தாழ நிகராக வழிகாட்டிகள் செல்வதன் பயன் யாது?

4. புகுன் லியோசிக்லா அறிவிக்கப்பட்ட முறை, வழக்கமான முறையிலிருந்து எவ்வாறு வேறுபட்டது?

5. பிரித்து எழுதுக: பனிச்சிறுத்தை, நீர்த்தேக்கம், கருந்தொப்பி, அவ்வறிவு.

6. பாடத்தின் இறுதியில் வரும் வழிகாட்டியின் இடத்தில் நீங்கள் இருந்தால் பயணியிடம் என்ன கூறுவீர்கள்? பத்து வரிகளில் உரையாடலாக எழுதுக.

7. உங்கள் ஊரின் ஏரி, குளம், பூங்கா ஆகியவற்றுள் ஒன்றிற்கு ஒரு குழுவை அழைத்துச் செல்வதாகக் கொண்டு, அங்கு எவற்றைக் காட்டுவீர்கள், எதனைக் காட்டாமல் விடுவீர்கள் என்பதைக் காரணத்துடன் எழுதுக.